கோபத்தைக் கழிச்சிட்டுக் கேட்கச் சொல்லுறீங்களா?

"மியூசிக் சூப்பர், அரசியல்தான் கொஞ்சம் ஓவர்." ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் பற்றிக் கதைத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். எங்களுக்கு இந்தக் கதையோடதான் பிரச்சினை.

1992 நவம்பரில் வந்த அவர்களுடைய முதல் அல்பத்தைத் திரும்பவும் முழுசாகக் கேட்டோம். ரப், மெட்டல், ஃபங்க், பங்க் எல்லாம் ஒரே இடத்தில். இன்றைக்கு அது புதுமை இல்லைதான். ஆனால் உறைக் குறிப்பைப் பாருங்கோ: சாம்பிள், கீபோர்ட், சிந்தசைசர் எதுவும் பாவிக்கவில்லை என்று எழுதியிருக்கும். டிஜே இசைத்தட்டைத் தேய்க்கிற மாதிரி வருகிற சத்தம் டொம் மொரெல்லோவின் கிற்றார். ஒரு பிக்கப்பின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, சுவிட்சை அங்கேயும் இங்கேயும் தட்டித் தட்டியே அதை எடுக்கிறார். ஹிப்ஹொப்பை ரொக்குக்கு மேல சும்மா தூவிவிடவில்லை. கிற்றாரையே டேர்ன்டேபிள் ஆக்கிவிட்டார்கள். ஸாக் டி லா ரோச்சாவின் குரலும் ட்ரம்ஸோடு சேர்ந்து அடிக்கிற இன்னொரு வாத்தியம்தான்.

இவ்வளவும் எதுக்காக?

அட்டைப்படத்தில் பதில் இருக்கு. 1963 ஜூன் 11, சைகோன் நகரத்து வீதி. திக் குவாங் டுக் என்ற துறவி தன்னை எரித்துக்கொள்கிறார். படம் எடுத்தவர் மல்கம் பிரவுன். எங்கட நாட்டில் காவியைக் கண்டவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது வேற. அங்கே அரசு ஒடுக்கியது பௌத்தர்களை. அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கே கொஞ்சநேரம் எடுத்தது. அல்பம் வந்த அதே வருடம் ஏப்ரலில், ரொட்னி கிங்கை அடித்த பொலிஸ்காரர்களைத் தண்டிக்காமல் விட்டதால் லொஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தது. இந்த பாண்டின் ஊரும் அதுதான். 'கில்லிங் இன் த நேம்' யாரை நோக்கிக் கத்துகிறது என்பதில் ஒரு மறைப்பும் இல்லை.

பிறகு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? லிம்ப் பிஸ்கிட்டில் அதே ரப், அதே கனத்த ரிஃப். ஆனால் கோபம் பழைய காதலியில, பிடிக்காத ஆக்களில, சிலநேரம் யாரில எண்டே தெரியாது. (லிங்கின் பார்க்கை இதுக்குள்ள இழுக்கவில்லை. அவர்களுடைய வலி வேற, அது உண்மையானது.) "தாக்கம்" என்று விமர்சகர்கள் கொண்டாடுகிறதில் பாதி இந்தத் திருட்டுத்தான்.

அதின்ட விளைவு 2020இல தெரிஞ்சது. பிலடெல்பியாவில் ட்ரம்ப் ஆதரவாளர்கள், பொலிஸை ஆதரிக்கிற கொடியையும் பிடித்துக்கொண்டு, பொலிஸைத் திட்டுகிற இந்தப் பாட்டுக்கே ஆடினார்கள். "இசையை மட்டும் ரசி" என்றால் வந்து முடிகிற இடம் இதுதான்.

சோனியின் காசில் புரட்சியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 நத்தாருக்கு இந்தப் பாட்டை பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வாங்கி ஏற்றி, எக்ஸ் ஃபெக்டர் வெற்றியாளரைச் சனங்கள் தோற்கடித்தபோதும் இரண்டு பக்கக் காசும் சோனிக்குத்தான் போனது. அதுக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதே கிழமை பிபிசி வானொலியில் நேரடியாகப் பாடக் கூப்பிட்டு, கெட்ட வார்த்தை வேண்டாம் என்றார்கள். கொஞ்சநேரம் விழுங்கிப் பாடினார்கள். பிறகு விழுங்கவில்லை. ஒலிபரப்பை இடையில வெட்டிட்டாங்கள்.

அரசியலைக் கழித்துவிட்டுக் கேட்கலாம் என்கிறவர்கள் அந்தப் பாட்டை ஒருக்கா போட்டு, எந்த இடத்தில வெட்டுவீங்கள் எண்டு எங்களுக்கும் காட்டுங்கோ.