முதுமை வேறு, இரத்தச் சோகை வேறு



முதுமையைத் தவிர மற்றெல்லா நோய்களுக்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். நம் வீடுகளிலோ உம்மும்மாவின் முகம் வெளிறினால், ருகூவிலிருந்து எழும்போது தலை சுற்றினால், "வயசு போனா அப்படித்தான்" என்று சொல்லி அதையும் முதுமையின் கணக்கில் எழுதி விடுகிறோம்.

பெண்களுக்கு ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச் சோகை. எழுபது வயதானாலும் காரணத்தைத் தேடவே வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு, குடலில் மறைவான இரத்தக் கசிவு, பி12 விற்றமின் குறைவு என்பன அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

குளிசை குடித்தும் முன்னேற்றம் இல்லையா? அப்போது, ஒரே உடலில் இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கவும் கூடும். நாட்பட்ட லிம்போசைட்டிக் லியூக்கீமியா என்பது பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும், மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய். இந்நோயாளர் சிலருக்கு, உடலில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் தம் சொந்தச் செங்குழியங்களையே அழித்து விடுகின்றன. சுமார் 120 நாள் வாழ வேண்டியவை முன்கூட்டியே அழிவதால் கண் மஞ்சளாகலாம், சிறுநீர் கறுக்கலாம். புற்றுநோய்க்கு உடனே மருந்து தேவைப்படாமல், வைத்தியர் கவனித்து வருவதோடு நிறுத்திக் கொள்ளலாம். செங்குழியங்களின் அழிவோ காத்திருக்காது. அதற்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட் மருந்து. இரும்புக் குளிசை அந்த அழிவை நிறுத்தாது. ஸ்டீரொயிட் சீனியைக் கூட்டும். ஆகவே சீனி வருத்தம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

எனவே ஃபாமசியில் இரும்புக் குளிசையை மட்டும் வாங்கிக் கொடுத்துக் கொண்டிராதீர்கள். முழு இரத்தப் பரிசோதனை, பிளட் பிக்சர், தேவையானால் கூம்ஸ் பரிசோதனை ஆகியவற்றால் நோய் தெரிய வரும். சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுத்துப் பார்க்க வேண்டி வரும். இங்கேதான் நமது தாய்மார் வெட்கப்பட்டுப் பின்வாங்குகிறார்கள். பெண் வைத்தியரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், தேவைக்கேற்ற அளவு ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. மகளோ மருமகளோ கூட இருக்கட்டும்.

இரத்தம் ஏற்ற நேர்ந்தாலும் தயங்க வேண்டாம். நிர்ப்பந்த நிலையில் அது கூடும் என்பதே இக்கால அறிஞர்களின் கருத்து. கொடுப்பவர் எந்த மதத்தவராயினும் சரியே.

றமழானில், நோன்பு பிடித்தால் நோய் கூடும் என்று வைத்தியர் சொன்னால் விட்டு விடலாம். குணமடைந்த பின் கழாச் செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும்.

"எனக்கு இனி என்ன மருந்து?" என்று உம்மா சொல்வார். அந்தச் சொல்லைச் சாட்டாக வைத்து நாம் ஒதுங்கி விடக் கூடாது. பெற்றோருக்கு உபகாரம் செய்வதில், அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும் அடங்கும். எல்லா நோயாளருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.