ஓலையைப் படிக்க ஆள் வேண்டும்

குமுளியிலிருந்து கோட்டயத்துக்குப் பஸ் ஏறும் தோட்டத் தொழிலாளி அந்த ஊரை மருத்துவக் கல்லூரிக்காகத்தான் அறிவார். தம் மொழிக்கு நெருங்கிய உறவுடைய செப்பேடு ஒன்று அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லம் தரிசாப்பள்ளிக்கு அளித்த சாசனம் அது. (மலையாள நாட்டில் பள்ளி என்றால் மாதாகோயிலும்தான்.) அதன் தகடுகள் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இரு கிறிஸ்தவ சபைகளின் காப்பில் உள்ளன. எழுத்து வட்டெழுத்து. ஈழவர், வண்ணார், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற பெயர்களைத் தமிழர் யாரும் அகராதி இல்லாமலே படிக்கலாம். மரமேறிகள் கட்டிய ஏணிக்காணம் என்ற வரிகூட அதில் வருகிறது!

இத்தகைய சான்றுகள் அதிகம் மிஞ்சவில்லை. 1599-இல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனசிஸ் கூட்டிய மாநாடு, சிரியாக் நூல்களைத் திருத்தவும் கொளுத்தவும் ஆணையிட்டது. தப்பியவற்றில் சில கடல் கடந்தன. 1301-இல் கொடுங்ஙல்லூரில் 14 வயதுச் சிறுவன் எழுதி முடித்த சிரியாக் கையெழுத்து நூல் இன்று வத்திக்கானில் இருக்கிறது. 1806-இல் கிளாடியஸ் புக்கானன் பெற்றுச் சென்ற வேதாகமம் கேம்பிரிட்ஜில் உள்ளது. தமிழின் கதியும் அதுவே. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைக் காண ஹார்வர்டுக்குப் போக வேண்டும்.

போனதற்கு அழுது பயனில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள ஹில் கையெழுத்துச் சுவடி நூலகம், உள்ளூர் அறிஞர்களுடன் சேர்ந்து கேரளச் சுவடிகளைப் படமெடுத்து வந்திருக்கிறது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால், படமெடுப்பது பாதி வேலைதான். பழைய பள்ளிகளின் கணக்கோலைகளில் வட்டெழுத்தும் கோலெழுத்தும் உண்டு. சிரியாக் கற்ற பாதிரியாருக்கு அவை புரியா. இன்றைய மலையாள எழுத்து மட்டும் அறிந்த இளைஞருக்கும் புரியா.

சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழும் மலையாளமும் சேர்ந்தே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாவது முடித்துவிட்டு வேலை தேடி அலைபவர்களும் அவர்களில் உண்டு. உதவித் தொகையுடன் இவர்களுக்கு வட்டெழுத்துப் பயிற்சி அளிக்கக் கேரள, தமிழ்நாடு அரசுகள் ஏன் முன்வரக் கூடாது?

சபைகளும் சற்று மனம் இளக வேண்டும். சொத்து வழக்குகள் ஓயாத நாட்டில் பழைய ஓலையை வெளியே காட்டத் தயங்குவது இயல்பே. மூலம் அவர்களிடமே இருக்கட்டும். படியை மட்டும் கொடுத்தால் போதும். கறையானுக்கு வழக்கு, வாய்தா எதுவும் கிடையாது. முதலில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, மூணாறிலோ சித்தூரிலோ ஒரு வகுப்பைத் தொடங்கலாம்.