முடிவில்லாமல் சுற்றும் குமிழா, ஓர் இடத்தில் நிற்கும் குமிழா?



போன வாரம் பேரன் போனில் கேட்டான்: "தாத்தா, சீக்வென்சர் வாங்கப் போறேன். ஒண்ணுல என்கோடர் இருக்கு, இன்னொண்ணுல பொட்டென்ஷியோமீட்டர். எதை எடுக்க?" டியூஷன் எடுத்து இரண்டு வருடம் சேர்த்த காசு. அதனால் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

சீக்வென்சர் என்பது ஸ்வரங்களை வரிசையாகத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் பெட்டி. எட்டு அல்லது பதினாறு படிகள் இருக்கும். பலவற்றில் படிக்கு ஒரு குமிழ்.

பொட்டென்ஷியோமீட்டர் நம் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ்தான். முக்கால் சுற்றுக்குச் சற்று மேல் போனால் நின்றுவிடும். உள்ளே கார்பன் பட்டை மேல் ஒரு தொடுமுனை நகர்கிறது. குமிழின் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் மதிப்பு. தூசி போனால் கரகரக்கும், அது ஒரு குறை.

என்கோடர் எவ்வளவு திருப்பினாலும் நிற்காது. "ஒரு கிளிக் வலது, ஒரு கிளிக் இடது" என்று மட்டும் சொல்லும். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. சுற்றுக்கு 24 கிளிக் என்றால் 0 முதல் 127 வரை போக ஐந்து சுற்றுக்கு மேல் ஆகும். வேகமாகத் திருப்பினால் தாவும்படி சிலவற்றில் ஏற்பாடு உண்டு.

அப்படியானால் என்கோடர் எதற்கு? பாட்டைச் சேமிக்கும் பெட்டிகளுக்கு. முதல் பாட்டில் குமிழ் 30-இல் நிற்கிறது, இரண்டாவது பாட்டில் சேமித்தது 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை மாற்றினாலும் குமிழ் 30-இலேயே இருக்கும். தொட்டதும் ஸ்வரம் 90-லிருந்து 30-க்குக் குதிக்கும். என்கோடரில் இந்தச் சண்டை இல்லை. ஆர்ட்டூரியாவின் பீட்ஸ்டெப் புரோவில் பதினாறு என்கோடர்கள் இருப்பது இதனால்தான். சேமிக்கும் வசதியே இல்லாத மூக் 960-இல் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு என 24 பொட்டென்ஷியோமீட்டர்கள். அங்கே குமிழ்கள் நிற்கும் நிலைதான் பாட்டு.

வீட்டில் தனியாக உட்கார்ந்து நிறைய பாட்டுச் சேமிப்பவனுக்கு என்கோடர்தான் சரி என்பேன். ஆனால் என் பேரன் தனியாக வாசிப்பதில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவரின் கச்சேரிக் குழுவில் வாசிக்கிறான். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கி வருகிறது. என்கோடர் பெட்டியின் திரையை அவரால் படிக்க முடியாது. குமிழின் கோட்டை விரலால் தடவினால் ஸ்வரம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்.

"பொட்டென்ஷியோமீட்டர் உள்ளதை எடுப்பா. பாட்டு மாத்தும்போது கொஞ்சம் சிரமம்தான், பொறுத்துக்கோ" என்றேன். பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணனும் வாசிக்கலாம்ல தாத்தா, அதையே எடுக்கிறேன்" என்றான்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பாட்டை மாற்றி, குமிழைத் தொட்டுப் பாருங்கள். குதிக்கிறதா, அல்லது சேமித்த மதிப்பைக் குமிழ் கடக்கும்வரை பெட்டி காத்திருக்கிறதா என்று கவனியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்த என் மாணவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்