ஊர்க் கொசு நம்மை ஒன்றும் செய்யாதா?

"ஊர்க் கொசு ஊர்க்காரனை ஒன்றும் செய்யாது." காஞ்சிபுரம் மாவட்டத்தின் பாலாற்றங்கரை ஊர்களில் குளிர்காய்ச்சல் என்று பேச்செடுத்தால் போதும், இந்த நம்பிக்கை ஏதாவது ஒரு வடிவில் வந்து நிற்கிறது. சின்ன வயதில் ஒருமுறை மலேரியா வந்து போய்விட்டது, இனிக் கிட்டவே வராது என்கிறார்கள். எங்கள் தாத்தா திருமுக்கூடல் ஆற்று மணலில் துண்டை விரித்துப் படுத்தவர், அவருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்கிறார்கள். வயதான உடம்பு எல்லாவற்றையும் பார்த்த உடம்பு, பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். படித்தவர்களும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

இதில் ஒரு துண்டு உண்மை இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. 1899-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் ஜாவாத் தீவுக்குப் போய் ஊர் ஊராக ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். மலேரியா ஓயாமல் பரவிய ஊரில் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி இருந்தது. பெரியவர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை. பரவல் குறைந்த ஊரிலோ சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடே தெரியவில்லை. எல்லா வயதினரிடமும் கிருமி இருந்தது. பிறகு 1961-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கோஹன், மெக்கிரெகர், காரிங்டன் என்ற மூவர் ஒரு படி மேலே போனார்கள். மலேரியாவில் அடிபட்டு அடிபட்டு வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து, நோயில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் கிருமிகள் மளமளவென்று குறைந்தன. ஆக, உடம்பு பழகுவது உண்மை.

எத்தனை முறை பட்டபிறகு பழகுகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் போதும். மலேரியா அந்த வகை அல்ல. மூளையைத் தாக்கக்கூடிய பால்சிபாரம் என்ற வகைக் கிருமி, தான் குடியேறிய ரத்தச் சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தை நீட்டி வைக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏறத்தாழ 60 மாற்று மரபணுக்களை அது கைவசம் வைத்திருக்கிறது. ஒன்றை நம் உடம்பு அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கும்போது அது அடுத்த வேஷத்துக்கு மாறிவிடுகிறது. அடுத்த ஊர்க் கிருமியிடம் இருக்கும் வேஷங்கள் வேறு. பிறந்த நாள் முதல், ஆண்டு தவறாமல், மழைக்காலந்தோறும் கடிபட்டு வளர்கிறவருக்குத்தான் இந்த வேஷங்களில் பெரும்பகுதி பழக்கமாகிறது. அவருக்கும் கிருமி உடம்பில் புகத்தான் செய்யும். காய்ச்சலும் ஆபத்தும் குறையும், அவ்வளவுதான். அதுவும் நிரந்தரமில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து லண்டனிலோ பாரிஸிலோ சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, விடுமுறைக்குத் தாய்நாடு போய் மலேரியாவோடு திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அங்குள்ள மருத்துவமனைகளில் சேர்கிறார்கள். பிறந்த மண்ணின் கொசு என்று அது அவர்களைச் சும்மா விடவில்லை.

அந்தப் பழக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் பேசப்படுவதில்லை. 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். திடகாத்திரமாக நடமாடும் பெரியவரைக் காட்டி, பார், பழகிவிட்டது என்று சொல்கிறோம். அவர் பிழைத்தவர். அவரோடு பிறந்து பிழைக்காதவர்களைக் காட்ட முடியாது. இந்த விலையில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தியைப் பெருமையாகப் பேசுவதை என்னால் சகிக்க முடியவில்லை.

நம் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா உறுதியாகிறது. வெகு காலமாக அதில் பெரும்பங்கு சென்னையுடையது. சுதந்திரம் கிடைத்த ஆண்டில் இந்தியா முழுவதும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவில் விழுந்தார்கள், எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. அங்கிருந்து இங்கே வந்திருப்பது பொதுச் சுகாதாரத் துறையின் கடைநிலை ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதால் கிடைத்தது. இந்த வெற்றியின் இன்னொரு பக்கம்: இன்று காஞ்சி வட்டாரத்தில் முப்பது வயது நெசவாளியும் எழுபது வயதுப் பாட்டியும் மலேரியாவுக்கு முன்னால் ஒன்றுதான். கோக் பார்த்த இரண்டாவது ஊர் நம் ஊர். இங்கே யாருக்கும் பழகிய உடம்பு கிடையாது.

பழக்கமில்லாத மக்களிடம் மலேரியா நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கையின் வறண்ட பகுதியில் மலேரியா நிரந்தரக் குடியாக இருந்தது. தென்மேற்கின் ஈரப் பகுதியில் அது அரிது. அங்கே ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடி, கொசுப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். 1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த நீரும் வெயிலும் உள்ள அப்படிப்பட்ட குட்டைகள்தாம் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற கொசுவுக்கு உகந்த இடம். அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கிய கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் சாவு மிகுதி. மலேரியாவோடு வாழ்ந்து தேய்ந்த வறண்ட பகுதி மக்களைவிட, மலேரியாவை அறியாத, செழிப்பான பகுதி மக்களே அதிகம் செத்தார்கள்.

நம் மாநிலத்திலும் மனிதர் கையாலேயே இது நடந்தது. மேட்டூர் அணை கட்டி, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் பாய்ந்தபோது, நெல்லோடு மலேரியாவும் விளைந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரசல் 1930-களின் பிற்பகுதியில் அங்கே முகாமிட்டு ஆராய்ந்தது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு ஒருமுறை திருமுக்கூடல் போய் நில்லுங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். ஆண்டில் பெரும்பகுதி மணல். மழைக்குப் பிறகு ஆற்றுக்குள்ளேயே குட்டைகள். மணல் தோண்டிய பள்ளங்களிலும் கல் வெட்டிய குழிகளிலும் தெளிந்த நீர் வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கும். ஊருக்குள் வந்தால் மூடியில்லாத மாடித் தொட்டி. அது நகரத்து மலேரியாவைப் பரப்பும் இன்னொரு அனாபிலிஸுக்கு, ஸ்டீபன்சிக்கு, பிடித்தமான இடம். கொசுவுக்கு இங்கே குறையில்லை. கிருமி அரிதாக இருப்பது ஒன்றுதான் நமக்குக் காவல்.

வயதைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பது பாதிக்குமேல் பொய். மலேரியா அதிகமில்லாத ஜாவாவிலிருந்து, மலேரியா தீவிரமாகப் பரவும் பப்புவா பகுதிக்கு இந்தோனேசிய அரசு குடும்பம் குடும்பமாக மக்களைக் குடியேற்றியது. கெவின் பெயர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் அவர்களைப் பின்தொடர்ந்தார். குழந்தையும் அப்பாவும் ஒரே நாளில் வந்து, ஒரே கூரையின் கீழ்க் கடிபட்டவர்கள். தொடக்க மாதங்களில் கடுமையான நோயில் விழும் ஆபத்து பெரியவர்களுக்கே கூடுதலாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நோய் கண்டபிறகு பெரியவர்கள் ஓரளவு தாங்கத் தொடங்கினார்கள். அதே அளவு கடிபட்ட குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை. எத்தனை முறை பட்டோம் என்பது மட்டுமல்லாமல் எந்த வயதில் பட்டோம் என்பதும் தனியாக வேலை செய்கிறது. வளர்ந்த உடம்பு வேகமாகக் கற்கிறது. ஆனால் முதல் மோதலில் அதன் மூர்க்கமான எதிர்வினையே அதற்கு எதிரியாகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழந்தைக்குக் கடும் ரத்தசோகை, வலிப்பு, நினைவிழப்பு என்று வருவது, பெரியவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு, மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல் என்று வருகிறது. பிரிட்டனுக்கு வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வந்தவர்களில், 65 வயதைத் தாண்டியவர்கள் இறந்த விகிதம் இளையவர்களைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் பார்த்த உடம்பு என்று வீட்டுப் பெரியவரைக் காய்ச்சலோடு திண்ணையில் விட்டுவைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

எதிர்த் தரப்புக்கு வலுவான ஒரு சான்று உண்டு. மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில் ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்த மலேரியா 1980-களில் கொள்ளைநோயாகத் திரும்பியபோது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதாவது சிறு வயதில் பழைய மலேரியாவைக் கண்டவர்கள், இளையவர்களைவிடக் குறைவாக நோயுற்றார்கள். பல்லாண்டு கழித்தும் ஏதோ ஒரு நினைவு உடம்பில் தங்குகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அது நெடுங்காலம் கடும் பரவலில் வளர்ந்தவர்களின் நினைவு. 1990-களில் ஒரே ஒருமுறை காய்ச்சலில் படுத்தெழுந்த காஞ்சிபுரத்துக்காரர் அதில் பங்கு கேட்க முடியாது.

உண்மையில் அவர் கதை தலைகீழ். நம்மிடம் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் சில உறங்கும் வித்துகளை விட்டுவிட்டுப் போகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து, கொசு கடிக்காமலேயே, அவை விழித்துக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்புத்தான் கூடுகிறது. இதன் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்பது இன்னொரு கெடுதல். இன்று நடுங்கிப் படுத்தவர் நாளை எழுந்து தறியில் உட்கார்ந்துவிடுகிறார். சேலைக்குத்தானே கூலி, நாளுக்கு இல்லையே. உடம்பு வென்றுவிட்டது என்று அவரும் வீட்டாரும் நம்புகிறார்கள். ஒரு மாத்திரையும் கசாயமும்தான் குணப்படுத்தியது என்று அடுத்த வீட்டுக்கும் சொல்கிறார்கள்.

கர்ப்பிணிகளைச் சொல்லாமல் விடக் கூடாது. மலேரியா மிகுந்த நாட்டில், பழகிய உடம்போடு இருக்கும் பெண்ணுக்கும் முதல் கர்ப்பத்தில் அந்தக் காவல் கைவிடுகிறது. நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ள கிருமி தனி வேஷம் ஒன்று வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடியே இல்லாமல் வளர்ந்த உடம்பு அதை எப்படி முன்பே பார்த்திருக்கும்? அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் அது பிடிபடுகிறது. தாய்க்கு எதிர்ப்பு இருந்தால் பிறக்கும் குழந்தைக்கும் சில மாதங்கள் அது உதவும். நம் ஊர்த் தாயிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

பரம்பரையாகவே நமக்கு ஊறியது என்றும் சிலர் சொல்கிறார்கள். பரம்பரைக் காவல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நீலகிரியின் ஆதிவாசிகளிடம் 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்த அரிவாள் வடிவ ரத்தப் பண்பு அது. ஒற்றையாக இருந்தால் பால்சிபாரத்திலிருந்து காக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் முழுக்க வதைக்கும் நோய். அப்படியொரு காவலை யாரும் ஆசைப்பட்டுக் கேட்கமாட்டார்கள்.

இந்த நம்பிக்கையின் மிக அநியாயமான முகத்தைச் செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வரும் தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால், அவனுக்கு இதெல்லாம் பழக்கம் என்று வேலைக்கு அனுப்புகிறார்கள். அதே வாயால், அவன்தான் நோயைக் கொண்டுவருகிறான் என்றும் ஏசுகிறார்கள். மலேரியா மிகுந்த மாவட்டத்திலிருந்து வருகிற சிலர் காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பது சரி. அப்படியானால் சூளைக்கு வந்த முதல் நாளே ரத்தம் பார்த்து மருந்து கொடுப்பதுதான் அவருக்கும் ஊருக்கும் நல்லது. அதற்கு ஆகும் செலவு அரசுடையது. பரிசோதனைக்கு அரை நாள் கூலியோடு அனுப்புவது முதலாளியின் கடமை.

முன்னோர் மருந்தில்லாமல் வாழ்ந்தார்கள் என்பவர்களுக்குத் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரே பதில். வீரராசேந்திர சோழனின் அந்தக் கல்வெட்டு சுமார் 1068-ஐச் சேர்ந்தது. வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், அவர்களுக்கு நெற்கூலி, வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, வஜ்ரகல்பம் என்று ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என எல்லாம் கல்லில் இருக்கின்றன. உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் என்று அந்த முன்னோர் உட்கார்ந்திருக்கவில்லை. நிலத்தை ஒதுக்கி, நெல்லை அளந்து, வைத்தியரை வைத்தார்கள்.

முப்பது ஆண்டுக்குமேல் ஆராய்ந்து உருவாக்கிய முதல் மலேரியாத் தடுப்பூசியை 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பெரிய சோதனையில், 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு நான்கு தவணை போட்டும் நான்கு ஆண்டுகளில் அது தடுத்தது மலேரியாவில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான். அதைவிடச் சின்னக் கைக்குழந்தைகளிடம் பலன் இன்னும் குறைவு. அவ்வளவு உழைப்பில் பிறந்த ஊசியின் எல்லை இது. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று அதைவிடப் பெரிய கவசம் போட்டுவிட்டது என்று எதை வைத்து நம்புகிறோம்?

காய்ச்சல் வந்து ஒரு நாளுக்குள், குளிர் நடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தையோ கிழவரோ, உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பணம் கேட்கமாட்டார்கள். வைவாக்ஸ் என்று வந்தால் கல்லீரல் வித்துகளை அழிக்கும் பிரைமாகுயினை, மருத்துவர் உங்களுக்கு ஏற்றது என்று சொன்னால், 14 நாளும் விடாமல் முடியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது. அவர்களுக்கு வேறு வழியை மருத்துவர் சொல்வார். மாடித் தொட்டியை இன்றே மூடுங்கள்.