வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து வீட்டிலேயே இருக்கட்டும்: எங்கள் நிலைப்பாடு

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் எப்போதும் இருக்க வேண்டும். குழந்தை நலனுக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பின் உறுதியான நிலைப்பாடு இது.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். குடல் கெட்டிருக்கும்போதும், உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் போதாத நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த இந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து புகட்டியவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றைக்கும் அந்த வேலையை அம்மாவும் பாட்டியும் செய்ய முடியும்.

நாங்கள் வலியுறுத்துவன:

1. முதல் தடவை தண்ணீராகப் போனதுமே ஓ.ஆர்.எஸ். தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைத் தட்டிக் கலக்கினால் உப்பு கூடும் அல்லது குறையும், இரண்டுமே கெடுதல். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

2. ஜிங்க் 14 நாள் கொடுக்க வேண்டும்: இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடக் கூடாது.

3. சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலைத் தொடர வேண்டும். சாப்பிடும் வயதுக் குழந்தைக்குக் கஞ்சி, இட்லி, குழைந்த தயிர் சாதம் தரலாம். வயிற்றைக் காயப் போட்டால் குழந்தை இன்னும் துவண்டுவிடும்.

4. தொக்கம் எடுக்கவோ குடல் தட்டவோ தூக்கிக்கொண்டு போய் நேரத்தை இழக்க வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கோ, போக்கை நிறுத்தும் மாத்திரையோ கொடுக்க வேண்டாம்.

5. கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது.

மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். பொடியின் பக்கத்திலேயே அட்டை டப்பாவில் இனிப்புப் பானங்களும் அடுக்கப்படுகின்றன. அவற்றில் பல மடங்கு சர்க்கரை. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதை முழுமனதோடு வரவேற்கிறோம். கடைக்காரர்கள் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். கேட்டு வருபவருக்குப் பொடியையே கொடுக்க வேண்டும்.

அரசிடம் எங்கள் கோரிக்கை: தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயின் கையிலும் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டையும் கொடுத்து, அங்கன்வாடியில் கரைத்துக் காட்டிப் பழக்க வேண்டும். பாக்கெட்டில் கரைக்கும் அளவு பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வயிற்றால் போனாலும், பெற்றவர்கள் விடியும்வரை காத்திராமல் அந்த நிமிடமே கரைத்துக் கொடுக்கும் நிலை எல்லா வீட்டிலும் வர வேண்டும். அதுவரை இந்தக் கோரிக்கையை விட மாட்டோம்.