தானே மூடும் குறிச்சொற்கள்: இணையப் பக்கத்துக்கும் மின்னூலுக்கும் ஒரே வார்ப்புரு எந்திரம் – நிலைப்பாட்டு அறிக்கை

உள்ளடக்கம் இல்லாத உறுப்பை எக்ஸ்எம்எல்லில் இறுதியில் ஒரு சாய்கோடு இட்டு அங்கேயே மூடிவிடலாம். எந்த உறுப்பானாலும் சரி. எச்டிஎம்எல்லில் அப்படி முடியாது. வரி முறிக்கும் பிஆர், படம் காட்டும் ஐஎம்ஜி, மெட்டா, லிங்க், இன்புட் உள்ளிட்ட 13 உறுப்புகளுக்கு மட்டும் மூடும் குறிச்சொல்லே கிடையாது. அவற்றில் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஏனைய உறுப்புகளில் உலாவி சாய்கோட்டைக் கண்டுகொள்ளாது. உறுப்பு திறந்தபடியே கிடக்கும். பக்கத்துக்குள் வரும் எஸ்விஜி, மேத்எம்எல் உறுப்புகள் இதற்கு விலக்கு.

தமிழ் நூல்கள் இன்று இரண்டு வடிவங்களிலும் தேவைப்படுகின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் நூல்களை எச்டிஎம்எல்லில் தருகிறது; இன்றைய ஈபப் மின்னூலின் உள்ளே இருப்பதோ எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதிய எக்ஸ்எச்டிஎம்எல். உன்னிச்சைக் குளத்தின் நீர்ப்பாசனம் பற்றிய பழைய நூலொன்றை இரு வடிவிலும் வெளியிடுவதாகக் கொள்ளலாம். அச்சுப் பக்கம் மாறும் இடங்களில் வெற்று ஸ்பான் ஒன்று வைத்து, அதற்குச் சிறிய சாம்பல் நிற எழுத்து கொடுக்கப்படுகிறது. மின்னூலில் அது சாய்கோட்டோடு சரியாக மூடிக்கொள்ளும். அதே வரி எச்டிஎம்எல்லாகப் போனால், பத்தி முடியும்வரை எழுத்தெல்லாம் சிறுத்துச் சாம்பலாகிவிடும். டைட்டில் உறுப்பு வெற்றாக, தானே மூடிய வடிவில் வந்தால் கதை இன்னும் மோசம்: பின்வரும் பக்கம் முழுவதையும் உலாவி தலைப்பென்று எடுத்துக்கொள்ளும், வாசகருக்கு வெள்ளைத் திரைதான் மிஞ்சும். மறுபக்கம், மூடாத ஒரேயொரு பிஆர் போதும், எக்ஸ்எம்எல் பகுப்பான் பிழை காட்டி நின்றுவிடும்.

தீர்வு புதிதல்ல. 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 உருமாற்ற மொழி வெளியீட்டு முறையை எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் எனப் பிரித்தே வைத்தது, 2007இன் 2.0 பதிப்பு எக்ஸ்எச்டிஎம்எல்லையும் சேர்த்தது. கென்ஷி, ஹேம்ல் போன்ற வார்ப்புரு எந்திரங்கள் உறுப்புகளை அறிந்து, கேட்ட வடிவத்துக்கேற்ப எழுதுகின்றன. ஜின்ஜா, லிக்விட் ஆகியவற்றுக்கு வார்ப்புரு வெறும் எழுத்துச்சரம்; எது குறிச்சொல் என்பதே அவற்றுக்குத் தெரியாது.

எனவே மூடும் விதியைத் தீர்மானிக்க வேண்டியது வெளியீட்டு வடிவமே என்பது இவ்வறிக்கையின் நிலைப்பாடு. நூலைத் தட்டச்சு செய்பவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமல்ல. எச்டிஎம்எல் வெளியீட்டில் அந்த 13 உறுப்புகளுக்குச் சாய்கோடு வேண்டாம்; மற்றவை வெற்றாக இருந்தாலும் முழுமையாக மூடப்பட வேண்டும். எல்லா இடத்திலும் சாய்கோடு போட்டுவைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் 2000இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 காலத்துப் பழக்கம். மேற்கோள்குறி இல்லாத பண்புக்கூற்றை ஒட்டிச் சாய்கோடு வந்தால், அது மதிப்போடு சேர்ந்து இணைப்பு முகவரியையே கெடுத்துவிடும்.

எழுத்துச்சர எந்திரங்களைக் கைவிடச் சொல்வதற்கில்லை. அவற்றின் வெளியீட்டை ஒரு பகுப்பான் படித்து, உரிய வடிவில் திரும்ப எழுதட்டும். அதற்கு வசதியில்லாத இடத்தில் இரு வார்ப்புருக்கள் இருக்கட்டும். மின்னூலை ஈபப்செக் கொண்டும், பக்கங்களை எச்டிஎம்எல் சரிபார்ப்பியைக் கொண்டும் சோதித்த பிறகே வெளியிட வேண்டும்.