நூற்றுக்கு எத்தனை?

லெபனானில் ஹோஷார் குடும்பம் 1930 முதல் நடத்திவரும் சாட்டோ முசாரின் சிவப்பு ஒயினுக்கு எதிரே, இந்த வாரம் வெளியான ஒரு விற்பனைப் பட்டியல் ஊரையும் திராட்சையையும் விட்டுவிட்டு ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டிருக்கிறது. மதிப்பெண் என்றாலே இப்பத்திக்கு ஆகாது என்பது வாசகர்களுக்குப் பழங்கதை. ஆயினும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978இல் தொடங்கிய இதழின் வழியே பரவிய நூறு மதிப்பெண் முறையில், போத்தலில் அடைபட்டு வந்ததற்காகவே எந்த ஒயினுக்கும் 50 கிடைத்துவிடுகிறது. மீதி நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கும் விழுங்கிய பின் அது நாவில் நிற்பதற்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் முதிரும் ஆற்றலுக்கும் 10 எனப் பங்கிடப்படுகிறது. இந்தக் கூட்டல் கணக்கு முசாரிடம் தடுமாறுவதற்குக் காரணம், ஆவியாகும் அமிலம். ஒயினின் ஆல்கஹாலைச் சில பாக்டீரியாக்கள் காடியாக்கும்போது உண்டாகும் இவ்வமிலத்தையும் உடன்வரும் நகப்பூச்சு வாடையையும் பாடநூல்கள் குறையென்றே சொல்கின்றன. ஐரோப்பியச் சட்டமும் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இதை ஏற்பதில்லை. முசாரின் முதிர்ந்த போத்தலிலோ, வெள்ளைத் துணிமேல் கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும் பருவத்தில், அந்தக் காரநெடி முதலில் மூக்கில் ஏறினாலும், சற்றுக் காற்றாடியதும் அதுவே உலர்பழ மணத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்னும் துவர்ப்போ அதற்குள் அடங்கியிருக்கிறது.

பட்டியல் கிடக்கட்டும். திராட்சை விளைவது ஏறத்தாழ 1000 மீட்டர் உயரமுள்ள பெக்கா பள்ளத்தாக்கில். ஒயின் ஆவது மலைத்தொடருக்கு இப்பால் கஸீரில். 1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் இவ்விரண்டுக்கும் இடையிலான சாலையை மறித்ததால் 1976இல் ஒயினே இல்லை. 1984இல் சண்டைக்கு நடுவே லாரியில் சிக்கிய பழங்கள் ஆலை சேருமுன்பே நொதிக்கத் தொடங்கிவிட்டன. 1959 முதல் ஒயின் தயாரிப்பைக் கவனித்த செர்ஜ் ஹோஷார் அதையும் கொட்டிவிடாமல் ஒயினாக்கினார். ஆண்டுக்கு ஆண்டு மாறும் சுவையைத் திருத்தி ஒன்றாக்க அவர் முயன்றதில்லை. கேபர்னே சாவிஞோன், காரிஞான், சின்ஸோ என்ற மூவகைத் திராட்சையும் கலந்து, அறுவடையின் ஏழாம் ஆண்டில்தான் போத்தல் கடைக்கு வந்தது.

ஆகவே முசாரை மதிப்பிட வருபவர், எண்ணுக்கு முன்னே அறுவடை ஆண்டையும் போத்தல் திறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதட்டும். அவ்விரண்டும் இல்லாத 90உம் 95உம் விற்பவருக்கு உதவுமேயன்றிக் குடிப்பவருக்கு உதவா.